ஒரு நாளும் தவறாதவள்

மைமூன் எழுதிய விதிகள் மொத்தம் பதினொன்று. எழுதச் சொன்னது ஆரிப். போகல் சந்தில், மாவு மில்லுக்கு மேலே வாடகைக்குப் பிடித்த இரண்டு அறைகளில் நடந்த குர்ஆன் ஓதுற பள்ளிக்கு அவன்தான் செயலாளர். டில்லியில் பிழைக்க வந்த தமிழ் முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் முப்பத்தி நாலு பேர் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து ஏழு மணிவரை ஓதிவிட்டுப் போவார்கள். தொண்ணூற்றொன்பது ஜூனில் உலகக் கோப்பை கிரிக்கெட் வந்தது. முப்பத்தி நாலு பத்தாகிப் போனது. மிச்சம் இருபத்து நாலு பேரும் எவன் வீட்டில் கலர் டி.வி. இருக்கிறதோ அங்கே இருந்தார்கள். கேட்டால் வயிற்று வலி என்றார்கள். ஒரு பயல் தன் பாட்டியான பெத்தும்மாவை ஒரே மாதத்தில் இரண்டு முறை மவுத்தாக்கிப் புதைத்துவிட்டான்.

"லாத்தா, நீங்க சர்க்கார் ஆபீஸ்ல லீவு செக்ஷன் பாக்குறவங்க. ஸ்ட்ராங்கா ரூல்ஸ் எழுதிக் குடுங்க" என்று ஆரிப் வந்து நின்றபோது மைமூனுக்குக் காது குளிர்ந்தது. குளிராதா பின்னே? கமிட்டியில் ஐந்து ஆண்கள். பெண்கள் சமோசா பொரிக்க மட்டும்தான் கூப்பிடப்படுவார்கள். அந்தக் கமிட்டி, மேலப்பாளையத்திலிருந்து பரீட்சை எழுதி வந்து ஆர்.கே.புரத்தில் பத்தொன்பது வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவளைத் தேடி வந்திருக்கிறது. பொம்பளை எழுதினதால் குழைந்து கிடக்கிறது என்று ஒருத்தன் வாயைத் திறக்கக் கூடாது என்று அன்றே முடிவு கட்டிக்கொண்டாள்.

விதி நான்கைத்தான் அவள் ஐந்து முறை திருத்தி எழுதினாள். கடிதம் தராமல் தொடர்ந்து மூன்று நாள் வராத பிள்ளையின் பெயர் நீக்கப்படும். கடிதத்தில் காரணம் தெளிவாக இருக்க வேண்டும். தகப்பனார் கையெழுத்து கட்டாயம். கடிதம் வகுப்பில் எல்லோர் முன்னாலும் வாசிக்கப்படும். காரணம் பொய்யென்று தெரிந்தால் அன்றைக்கே பெயர் போகும். எல்லோர் முன்னாலும் வாசிப்பது என்ற யோசனை அவளுடைய சொந்தச் சரக்கு. இனி எவன் பெத்தும்மாவை மவுத்தாக்குகிறான் பார்ப்போம் என்று தனக்குள்ளே சிரித்துக்கொண்டாள். அவளுக்கு இரண்டும் பையன்கள். விதி எழுதும்போது அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் பையன்கள்தான்.

ஜூலை ஒன்றிலிருந்து விதிகள் அமல். நாலே மாதத்தில் பள்ளி நிமிர்ந்துவிட்டது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மைமூன் வந்து வருகைப் பதிவேட்டைச் சரி பார்ப்பாள். வந்த நாளுக்கு ஒரு டிக், வராத நாளுக்கு ஒரு சுழி, பக்கத்திலேயே காரணத்துக்கு ஒரு கட்டம். அக்டோபர் முடிவில் ஒரு சுழிகூட இல்லாத பெயர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: பல்கீஸ்.

பல்கீஸுக்குப் பன்னிரண்டு வயது. வாப்பா கசாலி ஓக்லாவில் லேத் பட்டறையில் வேலை செய்கிறவர். உம்மா இரண்டு வருஷத்துக்கு முன்னால் நோன்பு மாதத்துப் பிறை ஏழில் மவுத்தாகிவிட்டாள். அதிலிருந்து வீட்டில் வாப்பாவும் மகளும் மட்டும்தான். மெலிந்த பிள்ளை, அதிகம் பேசாது. ஆனால் ஓதத் தொடங்கினால் கீழே மாவு மில்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கேட்பார். குர்ஆனின் முப்பது ஜுஸுப் பாகங்களில் இருபத்தைந்தாவதில் இருந்தாள். இந்த வருஷம் உம்மாவின் நாளுக்குள் முழுக் குர்ஆனையும் ஓதி முடித்து, அந்த நன்மையை உம்மாவுக்கு எத்தி வைக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. ஓதுற பள்ளியில் எல்லோருக்கும் அது தெரியும்.

"இந்தப் புள்ளைக்கு ஒரு பரிசு குடுக்கணும், ஆரிப். ஒரு நாளும் தவறாத புள்ளைன்னு சொல்லிக் குடுக்கணும். மத்ததுகளுக்கும் ரோஷம் வரும்" என்றாள் மைமூன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள், பாவம்.

நோன்புக்கு இரண்டரை வாரம் இருக்கையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆண்டு விழா. தெருவை அடைத்துப் பந்தல், நாற்காலி, மைக். பரிசாகப் புதுக் குர்ஆன் ஒன்று, பச்சை வெல்வெட் உறையோடு. மைமூனே மைக்கில் பெயரை வாசித்தாள். பல்கீஸ் எழுந்து வந்தாள். மேடைப் படியில் ஏறும்போதே அவள் முகம் வெளுத்திருந்ததை மைமூன் கவனித்தாள். கூச்சம் என்று நினைத்தாள்.

ஆரிப் இரண்டு கையாலும் குர்ஆனை நீட்டினான். பல்கீஸ் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"என்னம்மா? வாங்கு."

மாட்டேனென்று தலையை ஆட்டினாள். ஆரிப் ஓரடி முன்னால் வந்தான். அவள் ஓரடி பின்னால் போனாள்.

"அட, வாங்கும்மா! ஜல்தி! எல்லாரும் பாக்குறாங்க."

"நஹீ, அங்கிள்... ப்ளீஸ்" என்றாள். அவ்வளவுதான். மேடையிலிருந்து குதித்து, செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவிட்டாள்.

பந்தலில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. குர்ஆனைக் கொடுத்தால் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாளா? தாயில்லாத பிள்ளை என்று செல்லம் கொடுத்தது தப்பு. ஸ்கூலில் யாரோடு சேர்கிறாளோ. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கசாலி தலையைக் குனிந்தவர் நிமிரவேயில்லை. ஆரிப் குர்ஆனைக் கண்ணில் ஒற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, மைமூன் பக்கம் திரும்பிக் கீழ்க்குரலில் சொன்னான்:

"விதி ஒம்பது, லாத்தா. திருமறைக்கு மரியாதைக் குறைவு. நீங்க எழுதினதுதான். வியாழக்கிழமை கமிட்டி வைக்கிறேன்."

மறுநாள் ஆபீசில் மைமூனுக்கு வேலை ஓடவில்லை. பதினொரு மணிக்கு, பக்கத்து நாற்காலி ஜலஜா கையில் ஒரு தாளோடு வந்தாள். வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. அதற்கு லீவ் லெட்டர்.

"மைமூன், போன மாசம் நான் என்னடி போட்டேன்? ஜுரமா, தலைவலியா?"

"ஜுரம்."

"அச்சா, அப்போ இந்த மாசம் தலைவலி. நம்ம சந்திரமௌலி சார் இருக்காரே, என் தலைவலி மேல அவருக்குச் சந்தேகமே வராது. பாவம், இத்தனை வருஷமா எனக்கு என்ன வியாதின்னு கவலைப்பட்டுண்டிருக்கார்!"

ஜலஜா சிரித்தாள். மாதாமாதம் நடக்கிற கூத்துதான் இது. மைமூனும் மாதாமாதம் கூடச் சிரிப்பாள். அவளும் அப்படித்தானே எழுதுகிறாள். இன்றைக்கும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை.

"என்னடி ஆச்சு? ஏன் மூஞ்சி இப்படிப் போச்சு?"

"ஒண்ணுமில்ல ஜலஜா. நான் அரை நாள் லீவு போடுதேன்."

"காரணம்?" என்றாள் ஜலஜா வேடிக்கையாக.

மைமூன் பஸ் பிடித்து நேரே போகலுக்கு வந்தாள். ஓதிக் கொடுக்கிற ஹஜ்ரத் சாயங்கால அசர் தொழுகைக்குப் போயிருந்தார். அலமாரியைத் திறந்து பழைய பதிவேடுகளை எடுத்துத் தரையில் பரப்பினாள். ஜனவரியில் பல்கீஸுக்குச் சேர்ந்தாற்போல் ஐந்து சுழி. பிப்ரவரியில் ஐந்து. மார்ச்சில் ஆறு. ஏப்ரல், மே, ஜூன், அதே மாதிரி, நாலைந்து நாள் முன்னே பின்னே. காரணக் கட்டம் எல்லாம் காலி. அப்போதெல்லாம் யாரும் கேட்டதில்லை. ஹஜ்ரத் விவரம் தெரிந்த மனிதர். பெரிய பிள்ளைகள் வராவிட்டால் ஏன் என்று கேட்க மாட்டார்.

ஜூலையிலிருந்து ஒரு சுழி கிடையாது. டிக், டிக், டிக். மைமூன் எதைப் பார்த்துப் பூரித்துப் போனாளோ அதே டிக்.

அந்த நாட்களில் குர்ஆனைத் தொடவோ ஓதவோ கூடாது என்பது பள்ளியில் படிக்கிற எந்தப் பெண்ணுக்கும் தெரியும். வராமல் இருந்தால் பெயர் போகும். கடிதம் கொடுத்தால் வாப்பா கையெழுத்துப் போட வேண்டும், பையன்கள் முன்னால் வாசிப்பார்கள். பொய் எழுதினாலும் பெயர் போகும். ஒரு வாசலையும் திறந்து வைக்காமல், ஆணி அடித்து மூடியிருந்தாள் மைமூன். மாதாமாதம் தானே நுழைந்து போகிற வாசலையும் சேர்த்து. "அட பாவி, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்று வாய்விட்டே சொன்னாள். காலி அறையில் அது அவளுக்கே கேட்டது.

கசாலி வீடு இரண்டு சந்து தள்ளி. அவர் பட்டறையிலிருந்து வந்திருக்கவில்லை. பல்கீஸ் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். மைமூனைப் பார்த்ததும் துணியோடு சுவரில் ஒட்டி நின்றாள்.

"ஏளா, பயப்படாத. நான் திட்ட வரல."

மைமூன் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நேத்து உனக்கு அந்த நாள். அதான் வாங்கல. சரியா?"

பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. கண் ததும்பி, கையிலிருந்த துணி மொத்தமும் கீழே விழுந்தது. மைமூன் கிட்டே போய் அவள் தோளைப் பிடித்தாள். அந்தப் பெண் அழுத அழுகை ஐந்து மாதத்து அழுகை.

போன வருஷக் கடைசியிலேயே வயதுக்கு வந்துவிட்டாளாம். வாப்பாவுக்குத் தெரியாது. ஸ்கூலில் கூட உட்காருகிற ஷ்ரேயாதான் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாளாம். "அந்த டைம்ல குர்ஆனைத் தொடக் கூடாதுன்னு யாரு சொன்னா?" என்று கேட்டாள் மைமூன்.

"யாரும் சொல்லல மாமி. உம்மா சில நாள்ல என்னைக் கூப்ட்டு, 'நீ எடுத்து அலமாரில வை'ன்னு சொல்லுவாங்க. அவங்க தொட மாட்டாங்க. அப்போ ஏன்னு தெரியாது. அப்புறம் தெரிஞ்சுது."

"ரூல் வந்த பெறவு, சும்மா வந்து உக்காந்துட்டுப் போயிருக்கலாமே?"

"ஹஜ்ரத் வரிசையா ஓதச் சொல்லுவாங்க மாமி. எனக்குத்தான் ஃபர்ஸ்ட். மாட்டேன்னு எப்பிடிச் சொல்றது? பேர் போயிரும். பேர் போனா உம்மா நாளுக்குள்ள முடிக்க முடியாது." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "அதனால ஓதிட்டேன். தெரிஞ்சே ஓதிட்டேன். டெய்லி துவா கேப்பேன், மன்னிச்சிருன்னு. நேத்து புதுக் குர்ஆனைப் பாத்ததும்... எல்லார் முன்னாடியும் தெரிஞ்சே தொட முடியல."

மைமூன் கீழே கிடந்த துணியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். நிமிர்ந்து பிள்ளை முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"மாமி, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"நான் அந்த நாள்ல ஓதினதையும் சேத்துத்தான் உம்மாவுக்கு எத்தி வச்சேன். வியாழக்கிழமை வியாழக்கிழமை. அது உம்மாகிட்ட போயிருக்குமா? இல்ல... உம்மாவுக்கு அதால கஷ்டம் எதாவது வந்திருக்குமா?"

கப்ருக் குழியில் கிடக்கிற தாய்க்குத் தன்னால் கஷ்டம் என்று இந்தப் பன்னிரண்டு வயது ஐந்து மாதமாக நினைத்துக்கொண்டு படுத்து எழுந்திருக்கிறது. மைமூன் ஹஜ்ரத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். பல்கீஸ் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பேரைச் சொல்லக் கூடாது! வாப்பாகிட்டயும் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

மைமூன் சத்தியம் செய்தாள்.

வியாழக்கிழமை கமிட்டி. ஓதுகிற அறையிலேயே பாய் விரித்து ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஹஜ்ரத் ஓரமாக. கசாலி வாசல் பக்கம், குற்றவாளி மாதிரி. மைமூனுக்கு மட்டும் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள்.

"எவ்வளவோ கேட்டுட்டேன், வாயத் தொறக்க மாட்டேங்கிறா. என்ன செய்யணுமோ செய்யுங்க" என்றார் கசாலி. குரல் உடைந்திருந்தது.

"இதுல நாம செய்யறதுக்கு ஒண்ணுமில்ல. ரூல் இருக்கு. ஒம்பது. பேரை எடுக்கணும்" என்றான் ஆரிப். கெட்டவன் இல்லை அவன். அன்றைக்குப் பந்தலில் அவன் கையில்தான் குர்ஆன் இருந்தது. அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை.

"எடுக்க வேண்டாம்" என்றாள் மைமூன். "அந்தப் புள்ள மரியாதைக் குறைவா எதுவும் செய்யல. மரியாதைக்குத்தான் அப்படிச் செஞ்சுச்சு."

"அப்போ காரணம் என்ன? எழுத்துல குடுக்கச் சொல்லுங்க. வாசிச்சிட்டு முடிவு பண்ணுவோம். நீங்க போட்ட வழிதானே, லாத்தா?"

அவள் போட்ட வழிதான். வார்த்தைக்கு வார்த்தை அவள் கையெழுத்து. சத்தியம் ஒரு பக்கம், பிள்ளையின் பெயர் ஒரு பக்கம். ஐந்து ஆண்களும் அவள் முகத்தையே பார்த்தார்கள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"காரணம் நான் சொல்லுதேன். என் காரணம். நான் பத்தொம்பது வருஷமா சர்க்கார் வேலை பாக்கேன். மாசத்துல ஒரு நாள் லீவு போடுவேன். காய்ச்சல்னு எழுதிக் குடுப்பேன். இந்தப் பத்தொம்பது வருஷத்துல ஒரு மாசம்கூட எனக்குக் காய்ச்சல் இல்ல."

ஒருவர் இருமினார். இன்னொருவர் பாயின் கோரையைப் பிய்க்க ஆரம்பித்தார்.

"நான் பொய் எழுதினேன். எங்க ஆபீஸர் மரியாதையா வாங்கி வச்சுக்கிட்டாரு. எந்த மனுஷனும் அதை நாலு பேர் முன்னால வாசிக்கல. அப்படி வாசிப்பேன்னு சட்டம் போட்டது நான்தான், நம்ம பொம்பளப் புள்ளைகளுக்கு. உங்கள்ல ஒருத்தருக்கும் அது தோணல. உங்களச் சொல்லி என்ன? எனக்கே தோணல!"

"லாத்தா, அதுக்கும் இதுக்கும் என்ன..." என்று தொடங்கிய ஆரிப் பாதியில் நின்றான். காது மடல்வரை சிவந்து போனான். வாசலில் கசாலி மெல்லத் தலை நிமிர்ந்தார். யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். அப்புறம் அவர் தோள் குலுங்கத் தொடங்கியது.

"போதும்மா" என்றார் ஹஜ்ரத். "புள்ள நாளையிலேர்ந்து வரட்டும். விதி நாலு பொம்பளப் புள்ளைகளுக்குக் கிடையாது. ஓத முடியலன்னா ஓத வேண்டாம். நானும் கேக்க மாட்டேன்."

யாரும் மறுக்கவில்லை. மறுக்க அங்கே யாருக்கு வாய் இருந்தது? படி இறங்கும்போது மைமூன் ஹஜ்ரத்தை நிறுத்தி, பெயர் சொல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்டாள். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். "பயத்துல, வேற வழி இல்லாம ஒரு புள்ள செஞ்சது. அல்லா மன்னிப்பான். தாய்க்கு அதால எந்தக் கஷ்டமும் இல்ல. ஓதினதும் சேந்திருக்கும்னுதான் நான் நம்புறேன்" என்றார்.

மைமூன் அதை அப்படியே கொண்டுபோய்ப் பல்கீஸிடம் சொன்னாள். எத்தனை நிம்மதியோடு சொன்னாள் தெரியுமா! பிள்ளை கேட்டுக்கொண்டாள். உம்மாவுக்குக் கஷ்டம் இல்லை என்றதும் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"உன் பேரை நான் சொல்லல. என் பேரத்தான் சொன்னேன்."

"தெரியும் மாமி. வாப்பா வந்து ஒண்ணுமே கேக்கல. தலையத் தடவிட்டு டீ போட்டுக் குடுத்தாங்க." பிறகு நிமிர்ந்து, "ஹஜ்ரத் நம்புறேன்னுதானே சொன்னாங்க? தெரியும்னு சொல்லலியே" என்றாள்.

அடுத்த ஞாயிறு மைமூன் பதிவேடு பார்க்க வந்தபோது பல்கீஸ் வாசலில் காத்திருந்தாள். கையில் ஸ்கூல் டைரி. அதில் ஜூலையிலிருந்து சில தேதிகளுக்குக் கீழே பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளி. எண்ணிப் பார்த்தால் இருபத்து மூன்று.

"இந்த நாள்ல ஓதின பக்கத்தையெல்லாம் திருப்பி ஓதறேன் மாமி. ஹஜ்ரத்கிட்ட கேட்டுட்டேன். அச்சா, உன் இஷ்டம்னாங்க."

மைமூன் மனசுக்குள் கணக்குப் போட்டாள். கணக்கு அவளுக்குக் கைவந்த வேலை. இருபத்து மூன்று நாள் பாடம், அதன்மேல் மிச்சமிருக்கும் ஐந்து ஜுஸு. நோன்பு பிறை ஏழுக்கு இன்னும் பதினேழே நாள்.

"உம்மா நாளுக்குள்ள முடியாதேளா."

"முடியாது." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அடுத்த வருஷம் குடுக்கறேன். கொறையில்லாம குடுக்கறேன். அப்புறம், அந்தப் பரிசு எனக்கு வேணாம் மாமி. அது ஒரு நாளும் தவறாத புள்ளைக்கு. இந்த இருபத்து மூணு நாளும் ஆப்ஸென்ட்னு போட்டுருங்க."

பத்தொன்பது வருஷத்தில் மைமூன் எந்தப் பதிவேட்டிலும் பழைய தேதிக்குத் திருத்தம் செய்தவள் இல்லை. செய்தவர்களை மெமோ எழுதி மாட்டிவிட்டிருக்கிறாள். பேனாவைத் திறந்தாள். பல்கீஸ் டைரியைப் பார்த்து ஒவ்வொரு தேதியாகச் சொல்ல, மைமூன் ஒவ்வொரு டிக்கையும் அடித்து, சுழி போட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். இருபத்து மூன்றும் முடிந்தபின் பிள்ளை சலாம் சொல்லிவிட்டு, கை கால் முகம் கழுவி ஒளு செய்து ஓதப் போய்விட்டாள்.

மிச்சமிருந்தது காரணக் கட்டங்கள். எந்தச் சுழிக்குப் பக்கத்திலும் காரணம் காலியாக இருக்கக் கூடாது என்று எழுதியதும் அவள்தான். முதல் கட்டத்தில் 'விதி 4' என்று எழுதினாள். அடுத்ததிலும் அதையே எழுதினாள். உள்ளே பல்கீஸ் ஜூலை மாதத்துப் பக்கத்தை எடுத்து ஓத ஆரம்பித்திருந்தாள். கீழே மாவு மில் மோட்டார் நின்றது. மைமூன் கண்ணைத் துடைத்துத் துடைத்து, இருபத்து மூன்றாவது கட்டம்வரை அதையே எழுதினாள்.